ஊசியும் செவியும்

கையினாற் செய்யும் தொழில்களுட் பல, கண்ணையும் கையையும் முழுமையாகப் பற்றிக்கொள்ளும். செவியை மட்டும் விட்டுவிடும். பாய் முடைவோர், பூத்தொடுப்போர், வலை பின்னுவோர், துணி தைப்போர் ஆகிய எல்லார்க்கும் இது பொது. மணிக்கணக்காக ஓரிடத்தில் அமர்ந்து, ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்யும் ஒருவருக்கு வெளியுலகை நோக்கித் திறந்திருக்கும் வாயில் செவி ஒன்றுதான். அவ்வாயிலின் வழியே என்ன நுழைகின்றது, அதனை நுழையவிடுவோர் யாவர் என்னும் கேள்வி மிகச் சிறியதாகத் தோன்றலாம். ஆயினும், அதன்பொருட்டு அரசாணைகள் பிறந்துள்ளன, வேலைநிறுத்தங்களும் நிகழ்ந்துள்ளன. ஒட்டுப் போர்வை தைக்கும் பெண்களிடமிருந்து தொடங்கினால் இவ்வரலாறு நன்கு விளங்கும்.

அமெரிக்க நாட்டில் 'குயில்ட்' என வழங்கும் போர்வை மூன்று அடுக்குகளால் ஆனது. மேலே ஒரு துணி, அடியில் ஒரு துணி, இடையே பஞ்சு. மூன்றும் நழுவாதவாறு, அவற்றை ஊடுருவிச் செல்லும் நெருக்கமான ஓட்டுத் தையல். மேல்துணி பெரும்பாலும் ஒரே துணியாக இராது. சதுரமும் முக்கோணமும் பட்டையுமாக வெட்டிய பல நிறத் துண்டுகளை இணைத்து அதனை உருவாக்குவர். வங்காளப் பெண்கள் பழஞ்சேலைகளை அடுக்கித் தைக்கும் காந்தாவும் இதற்கு உறவுடையதே. கிழிந்ததை எறியாமல் குளிருக்கு ஆக்கிக்கொள்ளும் ஏழை வீடுகளின் அறிவு இரண்டிலும் உண்டு.

இவ்வேலையின் நீளத்தைக் கணக்கிட்டுப் பார்ப்பது நல்லது. 90 அங்குல நீளமும் 80 அங்குல அகலமும் உள்ள ஒரு போர்வையில், அங்குலத்திற்கு ஒரு வரியாக நெடுக்கே தைத்தால் 80 வரிகள் வரும். தேர்ந்த கைகள் அங்குலத்திற்குப் பத்துத் தையல் இடும். ஆகவே, மொத்தம் 72,000 தையல்கள். தையலுக்கு ஒரு நொடி என்றால் உணவும் உறக்கமும் இன்றி 20 மணி நேரம்! உண்மையில் ஒரு நொடியில் ஒரு தையல் முடிவதில்லை. ஊசியில் நூல் கோக்க வேண்டும், முடிச்சிட வேண்டும், வலிக்கும் விரலைச் சற்றே நீவிவிடவும் வேண்டும். துண்டுகளை வெட்டி இணைத்த நாள்கள் இக்கணக்கிற் சேரவில்லை. ஒரு குளிர்காலம் முழுவதையும் ஒரு போர்வை விழுங்கிவிடும் என்பதில் வியப்பில்லை. இத்தனை நேரமும் செவிக்கு என்ன உணவு?

வேலையின் எல்லாப் பகுதிகளிலும் செவி ஒரே நிலையில் இருப்பதில்லை. அளந்து வெட்டும்போது பழகிய தையற்காரரும் பேச்சை நிறுத்திவிடுவர். இரு துண்டுகளை இணைக்க விளிம்பிற் கால் அங்குலம் விடுவது வழக்கம். அக்கால் அங்குலத்தில் ஒவ்வொரு முறையும் பதினாறில் ஒரு பங்கு அங்குலம் பிசகினால், 16 இணைப்புகள் கொண்ட ஒரு வரிசை முழுதாக இரண்டு அங்குலம் கோணும். பின்னர் எந்தப் பாட்டும் எந்தக் கதையும் அக்கோணலை நிமிர்த்தா. எண்ணுதலும் அளத்தலும் மனத்திற்குள் சொற்களாலேயே நடைபெறுகின்றன. வெளியிலிருந்து வரும் சொற்கள் அவற்றோடு மோதும். துண்டுகளைச் சேர்த்து முடித்து, சட்டத்தில் இழுத்துக் கட்டி, கோட்டின்மேல் ஊசி ஓடத் தொடங்கியபின் நிலைமை வேறு. கை தானாகவே வழியறிந்து செல்லும், மனம் ஓய்ந்திருக்கும், ஓய்ந்திருக்கும் மனம் அலையும்.

அவ்வாறு அலைவதற்குக் கைவேலையே ஒரு கடிவாளம் ஆகலாம் என்பதற்கு ஒரு சோதனை சான்றாக உள்ளது. இங்கிலாந்தைச் சேர்ந்த உளவியலறிஞர் ஜாக்கி ஆண்டிரேட் 40 பேருக்குச் சலிப்பூட்டும் தொலைபேசிச் செய்தி ஒன்றைக் கேட்பித்தார். அவர்களிற் பாதிப்பேர் கேட்டுக்கொண்டே தாளிலிருந்த சிறு வடிவங்களைப் பென்சிலால் நிரப்பினர். மற்றவர் வாளா இருந்து கேட்டனர். கை ஓயாதிருந்தவர்கள் 29 விழுக்காடு மிகுதியாக நினைவு கூர்ந்தனர் என்று 2009 ஆம் ஆண்டில் வெளிவந்த அவ்வாய்வு கூறுகின்றது. பென்சில் வேறு, ஊசி வேறு. சிறியதொரு சோதனையைக் கொண்டு பெரிய முடிவு கட்டுதல் ஆகாது. எனினும், தைத்துக்கொண்டே கேட்டது நெஞ்சில் நிற்கும் எனத் தையற்காரர் கூறுவதை அது பொய்யாக்கவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்க நாட்டுப்புறத்தில் செவிக்கு உணவு அண்டை வீட்டாரே. மேல்துணியை அவரவர் வீட்டிலேயே தனியே இணைத்து முடித்த பெண்கள், மூன்று அடுக்குகளையும் சேர்த்துத் தைக்கும் நாளில் அக்கம்பக்கத்தாரை அழைப்பர். 'குயில்டிங் பீ' என்று அக்கூட்டத்திற்குப் பெயர். நான்கு மரச்சட்டங்களிற் போர்வையை இழுத்துக் கட்டி, அதனைச் சுற்றி நாற்புறமும் அமர்ந்து தைப்பர். இடவசதி குறைந்த வீடுகளில் அச்சட்டம் கூரையிலிருந்து கயிற்றில் தொங்கும். இரவில் அதனை மேலே இழுத்துவிட்டு அதன்கீழ் உறங்குவர். அச்சட்டத்தைச் சுற்றிப் பிறப்பும் இறப்பும், விளைச்சலும் கடனும், மருந்தும் சமையலும், ஊர் வம்பும் ஓயாது ஒலித்தன. சட்டத்தின் அடியில் விளையாடிய சிறு பிள்ளைகள், தாங்கள் கேட்கத் தகாதவற்றையும் கேட்டுக்கொண்டனர். பள்ளிக்கூடமும் செய்தித்தாளும் அரிதாயிருந்த ஊர்களில் அச்சட்டமே இரண்டாகவும் விளங்கியது எனலாம். மாலையில் ஆடவர் வந்து சேர்வர்; விருந்தும் ஆட்டமும் தொடரும்.

ஆயினும், தையலோடு குரல் கலந்த கதைகளுள் மிக ஆழமானது அலபாமா மாநிலத்துக் கீஸ் பெண்ட் என்னும் ஊரின் கதையே. அலபாமா ஆறு குதிரை இலாடம்போல் வளைந்து அவ்வூரை மூன்று புறமும் சூழ்ந்துள்ளது. 1816 ஆம் ஆண்டில் ஜோசப் கீ என்பவர் அங்கே பருத்தித் தோட்டம் ஒன்றை நிறுவினார். ஊருக்கு அவர் பெயரே வாய்த்தது. 1845 இல் அத்தோட்டம் மார்க் பெட்வே என்பவர் கைக்கு மாறியது. அவர் தம் அடிமைகள் ஏறத்தாழ 100 பேரை வடகரோலினாவிலிருந்து கால்நடையாகவே அங்குக் கொண்டுவந்தார். அடிமைமுறை ஒழிந்த பின்னரும் அவர்தம் வழிவந்தோர் அங்கேயே குத்தகை உழவராக வாழ்ந்தனர். இன்றும் அவ்வூராரிற் பலர்க்குப் பெட்வே என்பதே குடும்பப் பெயர். அடிமைப்படுத்தியவனின் பெயர் அடிமைகளின் கொள்ளுப் பேரர்க்கும் நிலைத்துவிட்டது.

பருத்தி விலை வீழ்ந்த காலத்தில், அவர்களுக்குக் கடன் கொடுத்துவந்த வணிகர் ஒருவர் இறந்தார். 1932 இல் கடனுக்கு ஈடாக ஏறத்தாழ 60 குடும்பங்களின் உணவும் கால்நடையும் கருவியும் விதையும் வாரிச் செல்லப்பட்டன. குளிர்காலம் எதிரே நின்றது. மரப்பலகை வீடுகளின் இடுக்குகளில் காற்று நுழையாமல் இருக்கச் சுவர்களிற் பழைய செய்தித்தாள்களை ஒட்டினர். படுக்கைக்கோ போர்வைகளே துணை. வயலில் உழைத்து நைந்த கால்சட்டையின் முழங்காற் பகுதியும், மாவு மூட்டையின் துணியும், சட்டையின் கைப்பகுதியும் போர்வைகள் ஆயின. 1942 இல் மிசௌரி பெட்வே என்னும் அம்மையார், இறந்துபோன தம் கணவரின் உழைப்பாடைகளைப் பிரித்து ஒரு போர்வை தைத்தார். அழுக்கும் வெயிலும் மங்கச் செய்த அந்த நீலத்தையும் பழுப்பையும் பிற்காலத்தில் அருங்காட்சியகங்களில் மக்கள் நின்று பார்த்தனர்.

இப்பெண்கள் தைக்கும்போது கேட்டது என்ன? தங்கள் குரலையேதான். பண்டை நாளில் அடிமைகள் பாடிய பத்திப் பாடல்களையும், கோயிலிற் பாடும் துதிப் பாடல்களையும் சட்டத்தைச் சுற்றியிருந்து பாடினர். இடையிடையே இறைவனை வேண்டினர். அப்பாடல்களுள் ஒருவகையைப் பாடும் முறை இங்கே கருதத்தக்கது. ஒருவர் ஓர் அடியை விரைவாக எடுத்துக் கொடுப்பார். மற்றவர் அனைவரும் அதனை மிக மெதுவாக, இழுத்து இழுத்துப் பாடுவர். பாட்டுப் புத்தகம் வாங்க இயலாதவர்க்கும் எழுத்தறியாதவர்க்கும் ஏற்பட்ட முறை அது. கண்ணுக்கு அதில் வேலையே இல்லை. ஊசியின் மேலிருந்து பார்வையை எடுக்காமலே ஒருத்தி நாள் முழுதும் பாடலாம். முன்பு கேட்டிராத பாட்டாயினும் பாடலாம். எழுத்தறிவை மறுத்த ஒரு கொடுமையின் நடுவே வளர்ந்த இம்முறை தையலுக்கென்றே அமைந்ததுபோல் பொருந்திவிட்டது. 1941 இல் ராபர்ட் சொங்கின் என்பவர் அவ்வூருக்குச் சென்று மக்களின் பாடலையும் பேச்சையும் ஒலிப்பதிவு செய்தார். அவை அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் காக்கப்பட்டுள்ளன.

அப்பாடல்கள் வெறும் பொழுதுபோக்காக நிற்கவில்லை. 1960களில் கறுப்பின மக்கள் வாக்குரிமைக்காகப் போராடத் தொடங்கினர். வாக்காளராகப் பதிந்துகொள்ள ஆற்றின் அக்கரையிலுள்ள கேம்டன் நகருக்குச் செல்ல வேண்டும். ஆற்றைக் கடக்க இருந்த படகுப் போக்குவரத்து 1962 இல் நிறுத்தப்பட்டது. கண்ணுக்கு எதிரே தெரியும் கரைக்கு ஏறத்தாழ 40 மைல் சுற்றிச் செல்ல வேண்டியதாயிற்று. 1965 ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் மார்ட்டின் லூதர் கிங் அவ்வூருக்கு வந்து உரையாற்றினார். ஊரார் பலர் பதிவு செய்யச் சென்றனர். அவர்களிற் சிலர் அதன் காரணமாகவே வேலையையும் குடியிருந்த வீட்டையும் இழந்தனர். போர்வைச் சட்டத்தைச் சுற்றியிருந்து பாடிய அப்பாடல்களே கூட்டங்களிலும் ஊர்வலங்களிலும் எழுந்தன. ஒருவர் அடி எடுத்துக் கொடுக்கப் பலர் சேர்ந்து பாடும் பழக்கம் உள்ளவர்க்கு, ஒருவர் முன்னே நடக்கப் பலர் பின்தொடர்தல் முற்றும் புதியதன்று.

அப்பகுதியில் வண்டியிற் சென்ற பிரான்சிஸ் வால்ட்டர் என்னும் பாதிரியார், கொடியில் உலர்ந்த போர்வைகளைக் கண்டு வியந்தார். அவர் துணையுடன் 1966 மார்ச்சுத் திங்களில் அவ்வட்டாரப் பெண்கள் 'பிரீடம் குயில்டிங் பீ' என்னும் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவினர். 'விடுதலைத் தையற் கூட்டம்' என அதனைத் தமிழிற் கூறலாம். அவர்தம் போர்வைகள் நியூயார்க்கில் ஏலத்தில் விற்றன. பின்னர்ச் சங்கம் நிலம் வாங்கி, வாக்குரிமை கேட்டதனால் வீடிழந்த குடும்பங்கள் சிலவற்றிற்கு மனை அளித்தது. 1972 இல் சியர்ஸ் என்னும் பெருவணிக நிறுவனத்திற்குத் தலையணை உறை தைத்துக் கொடுக்கும் ஒப்பந்தம் கிடைத்தது. எல்லாம் ஒரே அளவு, ஒரே வடிவு. கைக்குப் பணம் வந்தது, கண்ணுக்குக் களிப்பு வரவில்லை. ஆனால், வெட்டி எஞ்சிய கார்டுராய்த் துண்டுகளை வீட்டிற்கு எடுத்துச் சென்று பெண்கள் தாம் விரும்பியவாறு போர்வைகள் ஆக்கினர். 2002 இல் ஹூஸ்டன் நகர் நுண்கலை அருங்காட்சியகத்திலும் பின்னர் நியூயார்க் விட்னி அருங்காட்சியகத்திலும் கீஸ் பெண்ட் போர்வைகள் காட்சிக்கு வைக்கப்பட்டன. 2006 இல் அமெரிக்க அஞ்சல் துறை பத்துப் போர்வைகளின் படங்களை அஞ்சல்தலைகளாக வெளியிட்டது. அதே 2006 இல்தான் ஆற்றிற் படகும் மீண்டும் ஓடத் தொடங்கியது. இடையில் 44 ஆண்டுகள் கடந்திருந்தன! கூட்டுறவுச் சங்கம் 2012 இல் மூடப்பட்டது.

பாட்டு எல்லாத் தொழிலுக்கும் ஒரே வகையில் உதவுவதில்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். ஏற்றம் இறைப்போரின் பாட்டு, தாளத்தால் உடலை இயக்குவது. பாட்டு நின்றால் வேலையும் தடுமாறும். ஸ்காட்லாந்தின் மேற்கே உள்ள ஹெப்ரிடீசுத் தீவுகளில் புதிதாக நெய்த கம்பளித் துணியைப் பெண்கள் மேசையைச் சுற்றியிருந்து அடித்துத் துவைத்து இறுக்குவர். அவர்களுக்கும் தாளமே உயிர். ஊசி வேலைக்கு அத்தகைய தாளம் இல்லை. எட்டுப் பேர் தைத்தால் எட்டு ஊசிகளும் எட்டு வேகத்தில் ஓடும். ஆகவே, தைப்போர்க்குப் பாட்டு கையை இயக்கும் கருவியன்று, மனத்திற்குத் துணை. அத்துணையாகக் கதையும் செய்தியும் பேச்சும் வரலாம். இவ்வேறுபாடுதான் உழைப்போரின் செவிக்குள் நூல்கள் நுழைய இடந்தந்தது.

அந்த நுழைவு நிகழ்ந்த இடம் தையற்கூடம் அன்று. கியூபா நாட்டுச் சுருட்டுத் தொழிற்கூடம். சுருட்டுச் சுற்றுவோர் கைகளும் தைப்போர் கைகள் போன்றவையே; பழகியபின் தாமே நடப்பவை. 1865 ஆம் ஆண்டின் இறுதியில், ஹவானா நகரின் 'எல் பிகாரோ' என்னும் சுருட்டுக் கூடத்தில் ஒருவர் உரக்கப் படிக்க, ஏனையோர் சுற்றிக்கொண்டே கேட்கும் வழக்கம் தொடங்கியது. அது வேகமாகப் பிற கூடங்களுக்கும் பரவியது. அடுத்த ஆண்டே ஸ்பானிய ஆளுநர் அதனைத் தடை செய்தார். தொழிலாளரின் கவனம் வேலையிலிருந்து சிதறும் என்பது சொல்லப்பட்ட காரணம். அவர்கள் சிந்திக்கத் தொடங்குவர் என்பதே உள்ளிருந்த அச்சம் என்று கருதுவதில் தவறில்லை. சுற்றும் சுருட்டுக்குத் தக்க கூலி என்னும் முறையில் உழைத்தவர்கள் தம் கை ஓய்வதை எவ்வாறு பொறுப்பர்? தடை நீங்கிய பின்னர் வாசிப்பு மீண்டும் தழைத்தது; கியூபச் சுருட்டுக் கூடங்களில் இன்றும் நடந்துவருகின்றது.

கடல் கடந்து அமெரிக்காவின் டாம்பா நகருக்குக் குடிபெயர்ந்த கியூபர்கள் இவ்வழக்கத்தையும் உடன் கொண்டு சென்றனர். நூற்றுக்கணக்கானோர் அமர்ந்து சுற்றும் பெருங்கூடத்தின் நடுவே உயர்ந்த மேடையில் வாசிப்பவர் அமர்வார். ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் கூடத்தின் கடைசி வரிசைக்கும் எட்டும் குரல் அவருக்கு வேண்டும். காலையிற் செய்தித்தாள், பிற்பகலில் நெடுங்கதை. ஹியூகோ, டூமா, செர்வான்டீஸ், சோலா ஆகியோர் படைப்புகளைத் தங்கள் பெயரை எழுத அறியாத தொழிலாளரும் அறிந்திருந்தனர். எந்த நூலைப் படிக்க வேண்டும் என்பதைத் தொழிலாளரே வாக்களித்து முடிவு செய்தனர்; வாசிப்பவருக்குரிய ஊதியத்தையும் தங்கள் கூலியிலிருந்தே கொடுத்தனர். படித்தது பிடித்திருந்தால், புகையிலை வெட்டும் கத்தியால் பலகையைத் தட்டி ஆரவாரம் செய்வர். கியூப விடுதலை வீரர் ஹோசே மார்த்தி 1891 இல் டாம்பாவில் வந்து பேசியபோது, அவர் பேச்சின் பொருளை உடனே பற்றிக்கொள்ளும் செவிகள் அங்குப் பல்லாண்டுகளாகப் பண்பட்டிருந்தன. 1931 ஆம் ஆண்டின் இறுதியில் டாம்பா முதலாளிகள் வாசிப்பை ஒழித்தனர், மேடைகள் அகற்றப்பட்டன. தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தும் பயனில்லை. மேடை இருந்த இடத்திற்கு வானொலிப்பெட்டி வந்தது. வானொலி யாரையும் கேட்டுப் படிப்பதில்லை. தட்டும் கத்தியின் ஓசை அதற்குக் கேட்பதும் இல்லை.

இந்திய நாட்டிலும் இதற்கு ஓர் இணை உண்டு. கேரளத்தின் கண்ணூர்ப் பகுதிப் பீடித் தொழிற்கூடங்களில் ஒருவர் செய்தித்தாளை உரக்கப் படிக்க, மற்றவர்கள் இலையை வெட்டிச் சுற்றினர். படித்தவர் கூலியை இழக்காதவாறு, அவர் பங்குக்குரிய பீடிகளை ஏனையோர் சுற்றித் தந்தனர். 1969 இல் தோன்றிய தினேஷ் பீடிக் கூட்டுறவுச் சங்கத்தின் கூடங்களிலும் இப்பழக்கம் தொடர்ந்தது. ஹவானாவிற் கூலியிலிருந்து காசு. கண்ணூரிற் பீடியாகவே பங்கு.

வானொலி வீடுகளுக்குள் புகுந்தபோது, தனியே தைத்துக்கொண்டிருந்த பெண்களுக்கும் ஒரு குரல் கிடைத்தது. அமெரிக்காவில் 1930களில் பகற்பொழுதில் தொடர் நாடகங்கள் ஒலிபரப்பாயின. சோப்பு நிறுவனங்கள் விளம்பரத்தின் பொருட்டு அவற்றிற்குப் பணம் கொடுத்ததனால் 'சோப்பு நாடகம்' என்றே அவற்றிற்குப் பெயர் விழுந்தது. 1933 இல் தொடங்கிய 'மா பெர்கின்ஸ்' 1960 வரை 27 ஆண்டுகள் நடந்தது. நாள்தோறும் கால் மணி நேரமாக 7,000க்கும் மேற்பட்ட பகுதிகள்! 1937 இல் வானொலியில் தொடங்கிய 'கைடிங் லைட்' பின்னர்த் தொலைக்காட்சிக்கு மாறி 2009 வரை நீடித்தது. இந்நாடகங்களில் கதை மிக மெதுவாக நகரும் என்று கற்றவர் எள்ளி நகைத்தனர். நகைத்தவர்கள் கையில் ஊசி இல்லை. நூல் அறுந்தபோதும் அடுப்பிற் பால் பொங்கியபோதும் இரண்டு நிமிடம் கேளாமல் விட்டாலும் கதை கைவிட்டுப் போகாதிருக்க அந்த மெதுநடை வேண்டும். கதவு திறக்கும் ஓசையும் காலடி ஓசையும் பெயர் சொல்லி அழைக்கும் உரையாடலும், கண் வேறிடத்தில் இருப்பவர்க்கென்றே அமைக்கப்பட்டன. ஆனால், டாம்பாத் தொழிலாளர் வாக்களித்துத் தாமே பணம் கொடுத்துக் கேட்டனர். இவர்களுக்கோ சோப்பு விற்பவர் தேர்ந்ததே கிடைத்தது.

தொழிற்சாலைகளில் இசை ஒலிக்கச் செய்தவர்களுக்கு நோக்கம் வேறு. உலகப் போரின்போது, 1940 ஜூன் 23 அன்று பி.பி.சி. 'மியூசிக் வைல் யூ வொர்க்' என்னும் நிகழ்ச்சியைத் தொடங்கியது. அது 1967 வரை அன்றாடம் நடந்தது. சலிப்பைப் போக்கி உற்பத்தியைப் பெருக்குதலே அதன் குறிக்கோள். ஆகையால், ஒலியளவு சீராகவும் மெட்டு தெளிவாகவும் இருக்க வேண்டும். மனத்தை உருக்கும் பாட்டும் ஆகாது, உறங்க வைக்கும் பாட்டும் ஆகாது. டெக்சாஸ் மாநிலத்தைப் பற்றிய ஒரு பாட்டில் கேட்போர் கைதட்டும் இடம் வரும். உழைப்போர் கருவியைப் போட்டுவிட்டுக் கைதட்டுவர் என்று அஞ்சி, வேலை நேரத்தில் அதனை ஒலிபரப்பலாகாது என 1942 இல் பி.பி.சி. தடுத்தது. ஒரு பாட்டிற்கு இதனினும் பெரிய பாராட்டு ஏது!

தொலைக்காட்சி வந்தபோது தைப்போர்க்கு ஓர் இடர் தோன்றியது. அது கண்ணையும் கேட்கின்றது. கண்ணோ ஊசிக்கு உரியது. ஆகவே, தைப்போர் பெரும்பாலும் தொலைக்காட்சியைப் பார்ப்பதில்லை, கேட்கின்றனர். முன்பே பார்த்த படங்களையும், பேச்சினாலேயே நடக்கும் நாடகங்களையும் தேர்ந்தெடுக்கின்றனர்; யாரேனும் வியந்து கூவும்போது மட்டும் தலை நிமிர்கின்றனர். அயல்மொழிப் படத்தின் அடியில் ஓடும் எழுத்துகள் அவர்க்குப் பயன்படா. துப்பறியும் கதையில் சொல்லின்றிக் கண்ணாற் காட்டப்படும் தடயம் அவர்களைத் தப்பிவிடும். கொலையாளி யார் எனக் கடைசியில் அருகிருப்பவரைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

நீங்காத துணை ஒன்று எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. பார்வையற்றோர்க்கு நூல்களைப் படித்துப் பதிந்த இசைத்தட்டுகள் அமெரிக்காவில் 1934 இலும் இங்கிலாந்தில் 1935 இலும் வழங்கத் தொடங்கின. முதற்பெருங்போரில் பார்வையிழந்த வீரர்கள் அவற்றை நாடியோரிற் பலர். இங்கிலாந்தில் முதலில் வெளிவந்தவற்றுள் அகதா கிறிஸ்டியின் துப்பறியும் கதை ஒன்றும் ஜோசப் கான்ராடின் 'டைபூன்' என்னும் கடற்கதையும் இருந்தன. அக்காலத் தட்டின் ஒரு பக்கம் சிறிது நேரமே ஓடும். ஒரு நூலுக்குத் தட்டுகள் பல வேண்டும். கண் இல்லாதவர்க்கென ஆக்கிய அப்பேசும் நூல், கண் இருந்தும் அதனை ஊசிக்கு ஒப்படைத்துவிட்டவர்க்கும் காலப்போக்கில் உதவியது. தட்டு போய் ஒலிநாடா வந்தது. நாடா போய் இன்று கைப்பேசியிலேயே ஒலிநூலும் பாட்காஸ்டும் கிடைக்கின்றன. எதனைக் கேட்பது என்பதைக் கேட்பவரே மீண்டும் முடிவு செய்கின்றார். டாம்பாத் தொழிலாளர் பெற்றிருந்த உரிமை ஒருவகையில் திரும்பிவிட்டது.

ஒருவகையில் என்பதற்குக் காரணம் உண்டு. டாம்பாவில் அனைவரும் ஒரே கதையைக் கேட்டனர். மாலையில் வீடு திரும்பும்போது அதனைப் பற்றிப் பேசினர், சண்டையும் இட்டனர். இன்று ஓர் அறையில் ஆறு பேர் கூடித் தைத்தாலும், காதில் செருகிய கருவியின் வழியே ஆறு உலகங்களில் இருக்கலாம். இதனை உணர்ந்தோ உணராமலோ, கூடித் தைக்கும்போது அக்கருவியை எடுத்துவிடுவோரும் உண்டு. ஒரு காதில் மட்டும் செருகி, மற்றொரு காதை அருகிருப்பவர்க்கு ஒழித்து வைப்போரும் உண்டு. பொறியில் தைப்போர்க்கு இவ்விருவகையும் எளிதல்ல. பொறியின் இரைச்சல் பேச்சை விழுங்கும். அவர்கள் பேச்சைவிட இசையை மிகுதியாக நாடுவதற்கு அஃது ஒரு காரணம். கையினால் தைக்கும் ஊசியோ, துணியைத் துளைக்கும்போது ஒரு சிறு ஒலியன்றி வேறொன்றும் செய்வதில்லை.

நெடுங்கதை கேட்டுத் தைத்தவர்க்கு ஒரு விந்தையான நினைவு வாய்க்கின்றது. போர்வையை விரித்து ஒரு மூலையைப் பார்த்தால், அவ்விடத்தைத் தைத்தபோது செவியில் விழுந்த கதைப்பகுதி மனத்தில் எழுகின்றது. இந்த நீலச் சதுரத்தின் ஓரத்தில் கப்பல் உடைந்தது. அந்தச் சிவப்புப் பட்டையைத் தைக்கும்போது மகன் வீடு திரும்பினான். விளிம்பு மடித்துத் தைத்த இடத்தில் கதை முடிந்து, நூல் மட்டும் மிஞ்சியது. போர்வையைப் பரிசாகப் பெற்று அதன்கீழ் உறங்குபவர்க்கு இவை எவையும் தெரியா. தைத்தவர் அருகில் அமர்ந்து ஒவ்வொரு துண்டாகத் தொட்டுச் சொன்னாலன்றி.